சாமிக்கு எதுக்குலே செருப்பு?

ஏலே பேராண்டி, அந்தப் போனை அந்தத் தார்சாவுல வையி. ஒடைஞ்சு போயிராது. ஒங்க ஆச்சி காப்பி போட உள்ள போயிருக்கா. அது வாரது வரைக்குந்தான் பேச்சு. அதுக்கு மேல பேச எனக்குத் தெம்பு கெடையாது, கேக்க ஒனக்குப் பொறுமை கெடையாது.

எனக்குக் கண்ணுல பொறை உரிச்சிட்டு, ஒரு மாசத்துக்கு பேப்பர் கூட வாசிக்கப்படாதுன்னு சொல்லிட்டாவ. லீவுக்கு வந்த நீ, 'நான் படிக்கதையே ஒங்களுக்கும் சொல்லுதேன் தாத்தா'ன்னு உக்காந்தே. நானும் ராமாயணமாக்கும்னு காதைக் குடுத்தேன். ஒரு மாசமா சப்பான்காரன், சீனாக்காரன், கொரியாக்காரன்னு கொண்டாந்து கொட்டிட்டே. இப்பக் கண்ணு தெளிஞ்சாச்சு. 'எப்பிடி இருந்துச்சு, அபிப்பிராயம் சொல்லுங்க'ங்கே. கெழவன் கிட்ட அபிப்பிராயம் கேக்கது, மடையத் தொறந்து விட்டுட்டு மம்பட்டியத் தேடுத சோலி. கேட்டுட்டே, அனுபவி.

முதல்ல அந்த லாரி. சப்பான்ல ஒரு கதை, 2012-லேர்ந்து 2015 வரைக்கும் இன்டர்நெட்டுல தொடரா வந்ததுன்னியே, முஷோகு டென்செய். முப்பத்திநாலு வயசு ஆம்பளை, வேலை வெட்டி கெடையாது, ரூமை விட்டு வெளிய வாரது கெடையாது. அப்பன் ஆத்தா செத்தும் காரியத்துக்கு வராததுனால கூடப்பொறந்ததுவ வீட்டை விட்டுத் துரத்துது. ரோட்டுக்கு வந்தவன் ஒரு லாரியில அடிபட்டுச் சாவுதான். அடுத்த பக்கத்துல வேற உலகத்துல கைக்கொழந்தையாப் பொறந்து, பால் குடிக்கதுக்கு முன்னால மந்திரம் படிக்கான். இந்த லாரி அந்த ஊரு எழுத்தாளருவளுக்கு எல்லாம் பொதுச் சொத்துன்னும் சொன்னே. லாரில அடிபட்டாலே சக்தி வருமுன்னா, நம்ம சேர்மாதேவி ரோட்டுல ஓடுன மணல் லாரிக்கு இந்த ஜில்லாவுல பாதிப் பேரு இந்நேரம் மந்திரவாதி ஆயிருக்கணுமே? ஆத்து மணலு போனதுதான் மிச்சம்.

இன்னொருத்தன், அந்த ஸ்லைம் கதை. முப்பத்தேழு வயசு ஆபீசு வேலைக்காரன். தெருவுல எவனோ கத்தியால குத்திட்டான். சாகுத நேரத்துல கூட்டாளியக் கூப்பிட்டு, 'என் கம்ப்யூட்டரை அழிச்சிருடே'ன்னு சொல்லிட்டுல்லா கண்ண மூடுதான்! எதுக்குலே அதை அழிக்கச் சொன்னாம்னு கேட்டேன். நீ பதில் சொல்லாம அடுத்த அத்தியாயத்துக்குப் போயிட்டே. எனக்கு என்ன, தெரியாமலா கேட்டேன்?

அவன் போயி கூழு மாதிரி ஒரு உருண்டையாப் பொறக்கான். கண்ணு இல்ல, காலு இல்ல. எதைத் தின்னாலும் தின்னதோட சக்தி அவனுக்கு வந்துரும். நீ இதைச் சொல்லும்போது கண்ணு விரிஞ்சே போச்சு ஒனக்கு. நான் சிரிச்சேன், ஏன்னு நீ கேக்கல. நம்ம ஊரு கோயில் கொடைக்கு வந்து ஒரு ராத்திரி முழுசா உக்காந்திருந்தா நீயும் சிரிச்சிருப்பே. சுடலைமாடன் எப்பிடிப் பொறந்தான்? பார்வதி புள்ளை கேக்கா. வெளக்குச் சுடர முந்தானையில ஏந்துதா. வந்தது புள்ளை இல்ல, வெறும் பிண்டம். அதுக்கப்புறந்தான் உசுரும் உருவும். பொறந்த புள்ளை பாலு போதாம சுடுகாட்டுக்குப் போயிப் பொணத்தைத் தின்னுட்டு வந்து தொட்டில்ல படுத்துக்கிடுது. கைலாசத்துல வச்சிருக்க முடியாதுன்னு வரத்தைக் குடுத்து பூமிக்கு அனுப்புதாவ. பிண்டமாப் பொறந்து, தின்னு வளந்து, சக்தியோட எறங்குனவன். சப்பான்காரன் ஒரு நாளும் நம்ம ஊருக்கு வந்திருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். மனுசன் ராத்திரியில பயப்படுத விதம் எல்லா ஊருலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்போல.

ஆனா ஒண்ணு கவனிச்சியா? ஒங்க ஆளு செத்தா வேற உலகத்துக்குப் போயிருதான். நம்ம ஆளு செத்தா எங்கயும் போக மாட்டான். செத்த எடத்துலயே பீடத்தைப் போட்டு உக்காந்துக்கிடுவான். இசக்கியப் பாரு, வாய்க்காக் கரையில நிக்க மாடம்மாருவளப் பாரு. முக்காவாசியும் அநியாயமாச் செத்ததுவ. குத்துனவன் வம்சமே வந்து பொங்கல் வைக்கணும், படைப்புப் போடணும். போடலன்னா ஆடு மாடு நிக்காது, புள்ளைக்குக் காய்ச்சல் விடாது. அந்த லாரிக்காரனை யாராவது கேட்டாவளா? ஒரு படப்பு இல்ல, ஒரு தேங்கா ஒடைக்கல. செத்தவனும் 'சனியன் விட்டது'ன்னு அங்க போயி ராசாவாயிட்டான். கணக்கே தீரலியேலே!

இதுல எனக்குப் பிடிச்சது எது தெரியுமா? நீ சிரிக்காதே. அந்த வெண்டிங் மெஷின். காசு போட்டா சோடா குடுக்க பெட்டி மேல ஆசை வச்சவன் அந்தப் பெட்டிக்கு அடியிலயே நசுங்கிச் செத்து, அந்தப் பெட்டியாவே பொறக்கான். நடக்க முடியாது. ஒரு பலசாலிப் பொண்ணு முதுகுல சொமந்துக்கிட்டுத் திரியுதா. பேசணும்னா பெட்டிக்குள்ள ஏற்கெனவே பதிஞ்சிருக்க நாலஞ்சு வார்த்தைதான். 'வாங்க', 'போச்சே', அவ்வளவுதான். அம்பது வருசக் குடும்பம் நடத்துனவன் சொல்லுதேன், அந்த ரெண்டு வார்த்தைக்கு மேல ஆம்பளைக்குத் தேவையே கெடையாது. பசிச்சவனுக்குச் சோறும் தாகத்துக்குத் தண்ணியும் குடுத்துக்கிட்டே சண்டையையும் செயிக்கான். விக்கிரமாதித்தன் கூடு விட்டுக் கூடு பாஞ்சு கிளியாத் திரிஞ்சானே, பெரிய எழுத்துப் புஸ்தகத்துல? அதை நான் சின்னப்புள்ளையில வாசிக்கும்போது இது மாதிரித்தான் இருந்துச்சு. ராசா கிளியாயிட்டா அவனால என்ன செய்ய முடியும்? பேச முடியும். அவ்வளவுதான். அந்தத் தட்டுக்கேட்டுல இருந்துதான் கதை வருது. எல்லாம் முடியுத ஆளுக்கு எதுக்குலே கதை?

இதைத்தான் அந்தக் கொரியாக்காரன் கதையிலயும் நான் கண்டேன், சோலோ லெவலிங். மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. ஊரிலேயே சோப்பளாங்கி, ஆத்தா நோவுல கெடக்கா, தங்கச்சிய படிக்க வைக்கணும். வேற வழியில்லாம வேட்டைக்குப் போறான். கண்ணு முன்னால ஒரு எழுத்து வந்து நிக்கி: தெனமும் நூறு தண்டால், நூறு பஸ்கி, நூறு தரம் படுத்து எந்திரி, பத்து கிலோமீட்டர் ஓடு. செய்யலன்னா ஒரு பாலைவனத்துல கொண்டு தள்ளி, பனைமரத் தண்டி பூரானை விட்டுத் துரத்தும். நீ அதைச் சொல்லும்போது நான் எழுந்து உக்காந்தேன். இது ஒங்க ஆச்சி எனக்கு தெனமும் போடுத சட்டமுல்லா? காலையில தொழுவு, அப்புறம் மோட்டாரு, அப்புறம் ரேஷன். செய்யலன்னா பூரான் வராது, அவ வருவா.

ஆனா நடுவுல என்னாச்சு? பலம் ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு. செத்தவனை எல்லாம் நெழலாக்கி, பட்டாளமா நிறுத்திக்கிடுதான். அதுக்கப்புறம் எவன் வந்தாலும் ஒரு தட்டு. எனக்குக் கொட்டாவி வந்துட்டு. தோக்காதுன்னு தெரிஞ்ச கோழிய விட்டுச் சேவச்சண்ட பாக்க மாதிரி. நீ 'இனிமேத்தான் தாத்தா முக்கியம்'னு சொன்னே. அதையே முப்பது நாளும் சொன்னே.

சீனாக்காரன் கதைக்கு வருவோம். அவன் மலையில உக்காந்து தவம் பண்ணி, மாத்திரை முழுங்கி, படிப்படியா ஏறி, சாகா வரம் வாங்கி, வாள் மேல நின்னு பறக்கான். நீ படியெல்லாம் மனப்பாடமாச் சொன்னே. சரி, இந்தா மேற்க பாரு. அந்த மேகம் நிக்கே, அதுக்குப் பின்னால 6,000 அடிக்கு மேல நிக்கது பொதிகை. அங்க அகத்தியர் இன்னும் உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டு ஏறிப்போறவன் இன்னைக்கும் இருக்கான். சித்தருவளுக்கு எட்டு சித்தி. அணிமான்னா அணுவாச் சின்னதாவான், மகிமான்னா மலையாப் பெருப்பான், லகிமான்னா பஞ்சா மெதப்பான், கரிமான்னா அசைக்க முடியாத பாரமாவான். இன்னும் நாலு இருக்கு, ஒனக்குத் தெரிஞ்சா ஆபத்து. பாதரசத்தைக் கட்டிக் குளிகையாக்கி வாயில போட்டா ஆகாசத்துல போவாருன்னு சொல்லுவாவ. காயகற்பம் தின்னா நரை திரை கெடையாது. சீனாக்காரன் மாத்திரைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வித்தியாசந்தான். நம்ம சித்தன் எட்டும் கிடைச்ச பொறவு அது வேண்டாம்னு உதறுனாத்தான் பெரிய ஆளு. சீனாக்காரன் ஒவ்வொரு படியிலயும் இன்னொருத்தனைப் போட்டு மிதிச்சாத்தான் பெரிய ஆளு.

அதுலயும் ஒருத்தன் என் மனசுக்குப் பிடிச்சான். மெங் ஹாவோ. 'ஐ ஷால் சீல் த ஹெவன்ஸ்'னு நீ வாய் கோணச் சொன்னியே, அந்தக் கதையில. பரீட்சையில திரும்பத் திரும்பத் தோத்த பய. ஆசைய ஒரு சீட்டுல எழுதி சொரக்குடுக்கையில போட்டு மலை மேலேர்ந்து ஆத்துல வீசுதான். நம்ம பாவநாசத்துல நின்னு வீசுனா புன்னக்காயல்ல ஒதுங்கும், அந்த மாதிரி. அவன் கெட்டிக்காரத்தனம் எங்க இருக்கு? வாள்ல இல்ல, புரோநோட்டுல! சண்டையில அடிச்சுப் போட்டவன் கிட்ட 'எனக்கு இவ்வளவு தரணும்'னு எழுதி வாங்கிட்டுல்லா விடுதான்! எத்தனை அத்தியாயம் போனாலும் மறக்காம அந்தச் சீட்டை எடுத்து நீட்டுதான். ஏலே, அவன் சீனாக்காரனே கெடையாது. அம்பாசமுத்திரத்துல எங்கயோ வட்டிக்கடை வச்சிருந்து போயிருக்கணும்.

ஏன் பிடிச்சதுன்னா, இந்த மொத்தக் கதையிலயும் கடன்னு ஒண்ணு இருக்குங்கதை நெனவு வச்சிருக்க ஒரே ஆளு அவந்தான். மத்தவனெல்லாம் சும்மாக் கெடைச்ச சக்திய சும்மாச் செலவழிக்கான்.

சரி, ஏன் இவ்வளவு நீளம்? ரெண்டாயிரம் அத்தியாயம், மூவாயிரம் அத்தியாயம். நீதான் சொன்னே, சீனாவுல ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவுன்னு வெலையாம். அளந்து விக்கான். அளந்து விக்கவன் தண்ணி ஊத்தாம இருப்பானா? இதுக்கு நான் அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். எங்க காலத்துல குமுதத்துல சாண்டில்யன் எழுதுவாரு. ஒரு ராசகுமாரி அரண்மனைப் படி எறங்க ஆரம்பிச்சா, தரைக்கு வர ரெண்டு வாரமாவும். நாங்க படிக்குப் படி நின்னு காத்துக் கெடந்தோம். அதைக் கிழிச்சு பைண்டு பண்ணி வச்சு, எங்கய்யா கையில அடியும் வாங்குனேன். அதுக்கு முந்தி, 1950-லேர்ந்து 1954 வரைக்கும் பொன்னியின் செல்வன் கல்கியில வந்தப்போ பொம்பளையெல்லாம் அடுப்பை அணைச்சுட்டு வாசிச்சதாச் சொல்லுவா எங்க அத்தை. இப்ப ஜெயமோகன், 2014 சனவரியிலேர்ந்து 2020 சூலை வரைக்கும், மகாபாரதத்தைத் தெனமும் அவரு இணையதளத்துல எழுதினாரு, வெண்முரசுன்னு, இருபத்தாறு நாவல். அது மட்டும் என்ன, ஒங்க வெப் சீரியல் இல்லியா? அதைச் சொல்லித் தாடேன்னு கேட்டா, 'அது கஷ்டம் தாத்தா'ங்கே. மூவாயிரம் அத்தியாயம் சீனாக்கார மாத்திரை முழுங்குனவனுக்கு இது கஷ்டமாம்.

நீட்டுத வித்தையில வில்லுப்பாட்டு அண்ணாவிய அடிச்சுக்க ஆளு கெடையாது. கொடையில பாட்டு நடக்கும், அங்க கோயிலுக்குப் பின்னால படப்புச் சோறு வெந்துக்கிட்டு இருக்கும். சோறு வேகலன்னா சாமி கதையில பொறக்க மாட்டாரு. குடத்தைத் தட்டிக்கிட்டே அண்ணாவி கைலாசத்தை வர்ணிப்பாரு, நந்தவனத்தை வர்ணிப்பாரு, நந்தவனத்துல இருக்க பூவையெல்லாம் பேரு சொல்லி எண்ணுவாரு. அங்கேர்ந்து ஒருத்தன் தலையாட்டி, 'வெந்துட்டு'ன்னான்னா, அடுத்த நிமிசம் உடுக்கு சத்தம் மாறும், சாமி பொறப்பாரு, சாமியாடி துள்ளிக் குதிப்பாரு. நடுநடுவுல மைக்குல, 'இன்னார் வில்லிசைக் குழுவுக்கு அன்பளிப்பு ரூபாய் அம்பது'ன்னு அறிவிப்பு. அம்பது ரூபா குடுத்தவன் பேரை மூணு தரம் சொல்லலன்னா அடுத்த வருசம் பத்து ரூபாதான் வரும்.

இதனாலதான் அந்த ஆம்னிசியன்ட் ரீடர் கதைய நான் வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டேன். 3,149 அத்தியாயம் உள்ள ஒரு கதை, அதைக் கடைசி வரைக்கும் வாசிச்சவன் ஒலகத்துலயே ஒருத்தந்தான். கதை முடிஞ்ச அன்னைக்கு ரயில்ல போய்க்கிட்டு இருக்கான், கதை நெசமா நடக்க ஆரம்பிச்சிருது. மனுசன் படுத பாட்டை மேல நட்சத்திரத்துல இருந்து தெய்வங்க வேடிக்கை பாத்து, பிடிச்சிருந்தா காசு வீசுதுவ! நம்ம கொடையில சாமி ஆடுவாரு, மனுசன் அன்பளிப்பு குடுப்பான். அங்க மனுசன் ஆடுதான், சாமி அன்பளிப்பு குடுக்கு. கொரியாவுல எவனோ ஒருத்தன் கொடைப் பந்தலைத் தலைகீழாப் பெரட்டிப் போட்டு எழுதியிருக்கான். அவனுக்கு என் கணக்குல அம்பது ரூபா அன்பளிப்பு. பேரை மூணு தரம் சொல்லிரு.

நம்ம ஊருலயும் ஒருத்தரு சாமிய மெட்ராசுக்கே எறக்கி, காப்பி குடிக்க வச்சு, அவரு கிட்டயே பத்திரிகைச் சந்தாவும் வசூல் பண்ணிட்டாரே. புதுமைப்பித்தன். அவருக்கு ஒரு லாரி கூடத் தேவைப்படல.

போனைத் தொடாதே. காப்பி இன்னும் வரல.

ஒங்க ஆளுவளுக்கெல்லாம் தங்கம் மூட்டை மூட்டையாக் கெடைக்கே, ஒருத்தனாவது வாய்க்கா வெட்டுனானா? இந்த நம்ம வயலுக்குத் தண்ணி வாரது கன்னடியன் கால்வாயில. அதுக்கு ஒரு கதை உண்டு. ராசாவுக்குத் தீராத நோவு. நோவை ஒரு பொம்மையில எறக்கி, அதைத் தானமா வாங்கிக்கிடுத ஆளுக்குத் தங்கம் குடுக்கேன்னான். எவனும் வரல. கன்னட தேசத்துலேர்ந்து வந்த ஒரு பிரம்மச்சாரி வாங்கிட்டான். இந்தப் பாவத் தங்கத்தை என்ன செய்யன்னு அகத்தியரைத் தேடிப் பொதிகைக்குப் போறான். ஒரு பசு மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டே நட, அது போற வழியெல்லாம் வாய்க்கா வெட்டு, அது மூத்திரம் பேஞ்ச எடத்துல மடை வையி, படுத்த எடத்துல கொளம் வெட்டுன்னு சொன்னதாச் சொல்லுவாவ. வாலைப் பிடிச்சான், வெட்டுனான். நீ திங்கது அந்தத் தண்ணியில வெளைஞ்ச அம்பை பதினாறு. இதுல மந்திரம் இருக்கா? இருக்கு. ராட்சசன் இருக்கானா? நோவுதான் ராட்சசன். கடைசியில என்ன மிஞ்சுச்சு? மடை. நேத்துக்கூட அந்த மடைக்காக ரெண்டு பேரு மம்பட்டியோட நின்னானுவ.

நேர்மையாச் சொல்லணும், அந்தக் கூழு உருண்டை மட்டும் ஊரு கட்டுச்சு, ரோடு போட்டுச்சு. அதுக்கு நான் மார்க்கு குடுத்தாச்சு. எலும்பே இல்லாதது செஞ்சிருக்கு.

சண்டையே போடாம ராட்சசனை செயிக்க கதை வேணுமா? திருக்குறுங்குடிக்குப் போ. கார்த்திகை மாசம் கைசிக ஏகாதசி ராத்திரி நம்பி கோயில்ல நாடகமாவே நடிக்காவ. நம்பாடுவான்னு ஒரு பாணன், சாமி முன்னால பாடப் போறான். பிரம்மராட்சசன் வழியில மறிச்சுத் திங்கப் போறான். 'பாடிட்டு வந்துருதேன், வரலன்னா இன்ன பாவமெல்லாம் எனக்கு'ன்னு பதினெட்டு சத்தியம் பண்ணிட்டுப் போயி, பாடிட்டு, நெசமாவே திரும்பி வந்து, 'இந்தா தின்னு'ன்னு நிக்கான். ராட்சசனுக்கே ஆடிப் போச்சு. இவன் லெவல் என்ன? பூச்சியம். திரும்பி வந்தான், அவ்வளவுதான் அவன் வித்தை.

இப்ப ஒனக்கு ஒரு கேள்வி. ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேனே, அங்க பட்டவராயன் சந்நிதியில மரத்துல செருப்பாத் தொங்கிச்சு. நீ கூட போட்டோ எடுத்தே. சாமிக்கு எதுக்குலே செருப்பு? காணிக்கை. கட்டிப் போட்ட செருப்பு நாளாக ஆகத் தேஞ்சிருக்கும், பட்டன் ராத்திரியில போட்டுக்கிட்டு நடக்கான்னு சொல்லுவாவ. ஒங்க கதையில சாமான் பட்டியல்ல வாள் வரும், கவசம் வரும். தோல் செருப்பு வந்திருக்கா?

முத்துப்பட்டன் கதை அது. நாங்குநேரிக்காரரு நா. வானமாமலை 1971-ல அச்சுல கொண்டாந்தாரு. அதுக்கு முந்தியே இந்தக் கரையில வில்லுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. பிராமணப் பையன். அண்ணன்மாரோட கோவிச்சுட்டு ஊரை விட்டுப் போனவன். திரும்பி வாரப்போ காட்டுக்குள்ள ரெண்டு பொண்ணுவ பாடுத சத்தத்தைக் கேட்டுக் கிறங்கிப் போறான். பொம்மக்கா, திம்மக்கா. செருப்புத் தைக்க வாலப்பகடை வீட்டுப் பொண்ணுவ. பொண்ணு கேட்டுப் போனா, பகடை என்ன சொன்னாம்னு நெனைக்கே? சந்தோசப்படல. 'குடுமிய அறு, பூணூலை அறு, தோலை ஊறப்போட்டு ஒங்கையால செருப்புத் தைச்சுக் கொண்டா, அப்புறம் பேசலாம்'ன்னான். எந்தக் காலத்துல? அதை நெனச்சுப் பாரு. வேற உலகத்துக்குப் போகுதது சுளுவுலே, ஒரு லாரி போதும். இருக்க எடத்துலயே பக்கத்துத் தெருவுக்குப் போகுததுதான் கஷ்டம். இவன் போனான். அறுத்தான், ஊறப்போட்டான், தைச்சான்.

கல்யாணம் ஆச்சு. அந்த ஈரம் காயல, மலையில மாட்டை கள்ளனுவ ஓட்டிட்டுப் போறானுவன்னு சேதி வருது. மாமனாரு மாடு. கம்பும் கத்தியுமா, நாயையும் கூட்டிட்டு எறங்குதான். ஒத்தை ஆளு. அடிச்சுத் தள்ளுதான் எல்லாத்தையும். மாடு திரும்பிட்டு. மேலெல்லாம் ரத்தம். ஓடையில குனிஞ்சு கழுவுதான். தண்ணி செவந்து ஓடுது. பின்னால பொதருக்குள்ள ஒரு நொண்டிக் கள்ளன் மட்டும் சாகாம ஒளிஞ்சு கெடக்கான். இவன் பாக்கல. நாய் பாத்துட்டு, கொலைக்கி. இவன் இன்னும் நிமிரல...

வந்துட்டா ஒங்க ஆச்சி. குடு இங்க.

என்னலே முழிக்கே? மிச்சமா? மிச்சம் நாளைக்கு. காலம்பற அஞ்சரைக்குக் கரண்டு வரும், போயி மோட்டாரைப் போட்டுட்டு, மேல வயலு மடையத் தொறந்துட்டு வா. செய்யலன்னா பூரான் வரும்.

ஏட்டி, இதுல சீனி போட்டியா, இல்லியா?